அம்மாவின் கால் குணமான கதை

சிவநந்தினி இங்கிலீசு படித்தது காதால்தான். பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீசு பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையோடு கைவிட்டுப் போயிருந்தது. மாத்தளைக்குப் பக்கத்தில் பலாபத்வலவில், பெரிய வீதியை ஒட்டி, சுற்றுலா வருகிறவர்களுக்கு வாசனைச் செடிகளைக் காட்டி எண்ணெய் விற்கும் ஒரு ஸ்பைஸ் கார்டனில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூத்த கைட் ஒருவருக்குப் பின்னால் மூலிகைத் தண்ணீர்க் கோப்பைகளை ஏந்திக்கொண்டு நடப்பாள். அவர் வெள்ளைக்காரர்களுக்குச் சொல்வதை அப்படியே வாய்க்குள் முணுமுணுத்துக்கொள்வாள். அவர் விலகிப் போனபோது அவருடைய வசனங்கள் முழுவதும் இவளுடையவை ஆகிவிட்டன.

"திஸ் இஸ் சினமன். குட் ஃபோர் சுகர். குட் ஃபோர் கொலஸ்ட்ரோல்." கறுவாப் பட்டையை நகத்தால் சுரண்டி முகரக் கொடுப்பாள். மிளகுக் கொடி, ஏலச் செடி, சாதிக்காய், கொக்கோ என்று வரிசையாகக் காட்டிவிட்டு, கடைசியில் கொட்டிலுக்கு அழைத்துப் போய் உட்கார வைப்பாள். அங்கே மேசைமேல் எண்ணெய்ப் போத்தல்கள் நம்பர் ஒட்டி நிற்கும். முடி வளர மூன்றாம் நம்பர். முழங்கால் வலிக்கு ஆறு. ஒன்பதாம் நம்பர் புண்ணுக்கு. "நம்பர் நைன் ஆயில். ஓல்ட் வூண்ட், நியூ வூண்ட், கியூர்."

எல்லா வசனமும் இப்போது நடப்பதைப் பற்றியதுதான். இலை இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, புண் ஆறுகிறது. நேற்று நடந்த எதையும் இங்கிலீசில் சொல்ல அவளுக்குத் தெரியாது. யாராவது அப்படிக் கேட்டால் சிரித்துவிட்டு அடுத்த செடியைக் காட்டுவாள். அப்படியே பத்துப் பதினோரு வருஷம் ஓடிவிட்டது. கல்யாணம் அமையவில்லை. அவளும் அம்மா சின்னப்பிள்ளையும் கார்டனுக்கு மேலே, தேயிலைத் தோட்ட எல்லையில் இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். தம்பி தனுஜன் கொழும்பில் இரும்புச் சாமான் கடையில் வேலை.

சின்னப்பிள்ளை தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்ந்தவள். இரத்தத்தில் சீனி ஏறும் வருத்தம் இருந்தது. மாதம் ஒருமுறை மாத்தளைக்கு பஸ் ஏறி கிளினிக்குக்குப் போய், மருந்து வாங்கிக்கொண்டு, வரும் வழியில் பேக்கரியில் மகளுக்குப் பிடித்த பாணும் வாங்கிக்கொண்டு வருவாள். மகள் வெள்ளைக்காரர்களோடு இங்கிலீசு பேசுகிறாள் என்பதில் அவளுக்கு இருந்த பெருமையை லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் கேட்டுச் சலித்திருந்தார்கள்.

நாடு நொடிந்துபோன அந்த வருஷம், பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, வெள்ளைக்காரர்களும் இல்லை. கார்டனின் பெரிய முதலாளி ஆட்களை முறை வைத்துப் புல் பிடுங்க மட்டும் கூப்பிட்டார். பாதிச் சம்பளம் கொடுத்தார். மீதிக்கு விற்காமல் கிடந்த எண்ணெய்ப் போத்தல்களைக் கொடுத்தார். அவரையும் குறை சொல்ல முடியாது, அவரிடமும் இருந்தது அதுதான்.

காஸ் இல்லாததால் சின்னப்பிள்ளை விறகு பொறுக்கப் போனாள். தோட்டத்தில் வெறுங்காலோடு நடந்தே பழகிய கால். எவனோ குடித்துவிட்டு உடைத்துப் போட்ட போத்தல் துண்டு குதிகாலில் ஏறிவிட்டது. சீனி வருத்தத்தில் மரத்துப்போன காலுக்கு அது ஏறியதுகூட உடனே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, தரையில் இரத்தத் தடத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

சிவநந்தினி காயத்தைக் கழுவினாள். "நாளைக்கு எப்படியாவது ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்மா," என்றாள்.

"எதுல போறது? பஸ்ஸு ஓடுதா?" என்றாள் சின்னப்பிள்ளை. "அந்த ஒம்பதாம் நம்பர எடுத்துப் போடு பாப்பா. வெள்ளக்காரன் கடல் தாண்டிக் கொண்டுபோறான். நமக்கு வீட்லயே இருக்கு."

சிவநந்தினி போட்டாள். நாள்தோறும் காலையும் மாலையும் தேய்த்தாள். அம்மா சொன்னதற்காக மட்டும் போடவில்லை. பதினோரு வருஷமாக ஒரு நாளைக்கு நாலைந்து தரம் 'கியூர், கியூர்' என்று சொன்னவளுக்கு, தான் சொன்னதில் தனக்கே நம்பிக்கை வந்திருந்தது. காயமும் மேலே காய்ந்து தோல் மூடியது. இரண்டு பேரும் சந்தோஷப்பட்டார்கள். கிளினிக் தவணை வந்தது, பஸ் இல்லை, போகவில்லை. அடுத்த தவணைக்கும் போகவில்லை. மூடிய தோலுக்குக் கீழே புண் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் பாயை மடிக்கும்போது வந்த வாடையில்தான் சிவநந்தினிக்கு விஷயம் புரிந்தது. பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் ஓரம் கறுத்திருந்தது.

பக்கத்து லயத்து மாடசாமி, அவசரத்துக்கென்று ஒளித்து வைத்திருந்த பெற்றோலை ஊற்றித் தன்னுடைய த்ரீவீலில் ஏற்றிப்போனார். ஆஸ்பத்திரியில் டொக்டர் காலைப் பார்த்துவிட்டு, இதற்கு என்ன போட்டீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். சிவநந்தினி எண்ணெயின் பெயரைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் நன்றாயிருக்கும் என்று அவள் பிறகு பலமுறை நினைத்தாள்.

முழங்காலுக்கு மேலே வெட்டினார்கள். ஆனால் விஷம் அதற்கு முன்பே இரத்தத்தில் கலந்திருந்தது. சிவநந்தினி பிளேன்டீ வாங்க வெளியே போய்த் திரும்பிய நேரத்தில் சின்னப்பிள்ளையின் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள்.

தனுஜன் மரக்கறி லொறியில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். சவப்பெட்டியைத் தூக்கினான். எல்லாம் முடிந்த பிறகு அக்காவிடம், "புண்ணுக்கு என்னாதான் போட்ட?" என்று கேட்டான். அவள் மறைக்காமல் சொன்னாள். அவன், "சரி விடு. ஒனக்கு மட்டும் என்னா தெரியும்," என்று அவள் தோளைத் தட்டினான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அந்த வருஷத்தைக் கடந்தாள்.

அடுத்த வருஷம் வேன்கள் மறுபடி வரத் தொடங்கின. பெரிய முதலாளி வயதாகிவிட்டது என்று ஒதுங்கிக்கொள்ள, அவருடைய மருமகள் கார்டனைக் கையில் எடுத்தாள். ஆட்கள் அவளைச் சின்ன மேடம் என்றார்கள். கொழும்பில் படித்தவள், சுறுசுறுப்பானவள், யாரையும் கடிந்து பேசமாட்டாள். கைடுகளைக் கூட்டி வைத்துச் சிங்களத்தில் சொன்னாள்: கறுவா சீனிக்கு நல்லது என்பதை வெள்ளைக்காரன் போனிலேயே படித்துவிட்டு வருகிறான். அவனுக்கு வேண்டியது மனிதர்கள். உங்கள் வீட்டில் என்ன நடந்தது, உங்கள் அம்மா எந்த எண்ணெயைப் போட்டார், அதைச் சொல்லுங்கள். கதை சொல்லுங்கள்.

கதை என்றால் நடந்தது. நடந்ததை இங்கிலீசில் சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வராது. அதனால் மாத்தளை டவுனிலிருந்து ஒரு டீச்சரைப் பிடித்தாள். பெயர் அக்ரம். கடைத்தெருவில் ஒரு மாடியில் இங்கிலீசு வகுப்பு நடத்துகிற இளைஞன். வாரத்தில் இரண்டு நாள் மோட்டார் சைக்கிளில் வந்து, கொட்டிலில் வெள்ளைப் பலகையை நிறுத்திவிட்டு, எல்லாரையும் அக்கா, அண்ணன் என்று மரியாதையாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தான்.

"முதல்ல லேசானதப் பாப்பம். சொல்லுக்குக் கடைசியில ஈ, டீ ரெண்டும் போட்டா அது முடிஞ்சுபோன வேல. வோக் - வோக்ட். குக் - குக்ட். தமிழ்ல நடந்தேன், நடந்தான், நடந்தாங்கன்னு ஆளுக்கு ஆள் மாறும். இதுல மாறாது. நீங்க நடந்தாலும் வோக்ட், ராசா நடந்தாலும் வோக்ட்."

"வோக்கெட்," என்றாள் சிவநந்தினி.

பக்கத்திலிருந்த துஷாரா வாயைப் பொத்திச் சிரித்தாள். அவள் இளையவள், சேர்ந்து இரண்டு வருஷம்தான்.

"ஈ அங்க எழுத்துக்குத்தான் இரிக்கி அக்கா, வாயில வராது," என்றான் அக்ரம். "வோக்ட். வோஷ்ட். வாயில வர்றது டீல முடியிற சொல்லுக்கு மட்டும்தான். வோண்ட் - வோண்டெட். நீட் - நீடெட். யூஸ், கியூர், டை - இதுகள்ல ஏற்கனவே ஈ இரிக்கி, டீய மட்டும் ஒட்டினாப் போதும். ஸ்டொப் மாதிரி சின்னச் சொல்லுல கடைசி எழுத்த ரெண்டாக்கணும். கேரியில உள்ள 'வை' 'ஐ'யா மாறும், கேரிட்."

சிவநந்தினிக்கு அந்த வகுப்பு பிடித்திருந்தது. உண்மையாகவே பிடித்திருந்தது. வேலை முடிந்து மேட்டுப் பாதையில் வீட்டுக்கு ஏறும்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்: ஐ குக்ட். ஐ வோஷ்ட். ஐ லொக்ட் த டோர். வெள்ளைக்காரர்களோடு பேசத் தொடங்கிய இத்தனை வருஷத்தில் தனக்கும் ஒரு நேற்று இருந்தது என்று அவளால் இப்போதுதான் சொல்ல முடிந்தது.

சில வாரம் கழித்து அக்ரம் ஒவ்வொருவரையும் பலகைக்குக் கூப்பிட்டான். வீட்டில் நடந்த ஏதாவது ஒன்றை மூன்று நாலு வரியில் எழுத வேண்டும், எல்லா வரியும் முடிந்த வேலையாக இருக்க வேண்டும். துஷாரா அண்ணன் கல்யாணத்துக்கு நடனமாடியதை எழுதினாள். சிவநந்தினியின் முறை வந்தது. அவள் யோசித்து வைத்திருந்தது வேறு. சமையல் பற்றி ஏதோ. மார்க்கரைக் கையில் பிடித்தவுடன் எழுதியது இது: என் அம்மா காட்டுக்கு நடந்தார். போத்தல் துண்டில் மிதித்தார். நான் காயத்தைக் கழுவினேன். நான் ஒன்பதாம் நம்பர் எண்ணெயைப் பாவித்தேன்.

வோக்ட், ஸ்டெப்ட், வோஷ்ட், யூஸ்ட். நாலும் பிழையில்லாமல் வந்தன. ஸ்டெப்ட் என்பதில் இரண்டு பீ கூட மறக்காமல் போட்டிருந்தாள். அடுத்த வரிக்காகக் கையைத் தூக்கினாள். டை என்ற சொல்லுக்கு டீ மட்டும் போதும் என்பது தெரியும். கை எழுதவில்லை.

அந்த நேரம் சின்ன மேடம் கொட்டில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. "இதுதான்! இதைத்தானே நான் கேட்டேன்!" என்று உள்ளே வந்தாள். சிவநந்தினியின் கையிலிருந்த மார்க்கரைச் சிரித்தபடியே வாங்கி, அடுத்த வரியைத் தானே எழுதினாள். இட் கியூர்ட் ஹெர். அது அவரைக் குணமாக்கியது.

பிறகு கையைத் தட்டினாள். எல்லாரும் தட்டினார்கள். சாவு வீட்டுக்கு வந்து தேங்காய் துருவிக் கொடுத்த துஷாராவும் தட்டினாள். தட்டிவிட்டுத் தரையைப் பார்த்தாள். சிவநந்தினியின் கைகளும் தட்டின. எதற்காகத் தட்டினோம் என்று அவளுக்குப் பிறகும் விளங்கவில்லை. மேடம் கை தட்டும்போது கை தட்டித்தான் பழக்கம்.

அடுத்த நாளிலிருந்து அந்த ஐந்து வரிதான் அவளுடைய வேலை. கொட்டிலில் வெள்ளைக்காரர்களை உட்கார வைத்து, ஒன்பதாம் நம்பரை உள்ளங்கையில் ஊற்றி, அம்மாவின் கால் குணமான கதையைச் சொன்னாள். முதல் நாள் 'மதர்' என்ற சொல்லில் தடுக்கி, அதையே இரண்டு தரம் சொன்னாள். அவர்களோ அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டு இரண்டிரண்டு போத்தலாக வாங்கினார்கள்.

ஒருநாள் ஓர் அம்மணி, உங்கள் அம்மா இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டுவிட்டாள். சிவநந்தினி போத்தலை மூடி மேசைமேல் திருப்பி வைத்துவிட்டாள். வேன் ஒன்றும் வாங்காமல் போனது. மேடம் அக்ரமைக் கூப்பிட்டு, யூஸ்ட் என்பதை, இன்னும் பாவித்து வருகிறார் என்று பொருள் வரும் ஹேஸ் யூஸ்ட் ஆக மாற்றச் சொன்னாள்.

"அக்கா, கோவிக்க வேணாம், ஒண்டு கேக்கிறன்," என்றான் அக்ரம். "உங்கம்மா இப்ப இரிக்காங்களா?"

"இல்ல."

அவன் சங்கடப்பட்டான். எப்படிப் போனார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருக்கக்கூடும். மேடத்திடம் திரும்பி, "யூஸ்ட்தான் மேடம் சரி," என்றான். "ஹேஸ் யூஸ்ட்னா அந்த ஆள் இன்னும் உயிரோட இரிக்கோணும். இல்லாதவங்களுக்கு ஹேஸ் வராது."

மேடம் சிரித்தாள். யூஸ்ட் என்றால் அந்த அம்மா இறந்துவிட்டது போலக் கேட்கிறது, எண்ணெய் வாங்க வருகிறவர்களுக்கு அது நல்லதில்லை, ஹேஸ் யூஸ்ட் என்றே போடுங்கள் என்றாள். அக்ரம் பலகையைத் துணியால் துடைத்துவிட்டு எழுதினான். என் அம்மா மூன்று வருஷமாக இந்த எண்ணெயைப் பாவித்து வருகிறார். தினமும் நடக்கிறார். சிவநந்தினியிடம் அதைத் திரும்பச் சொல்ல வைத்தபோது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. உச்சரிப்பை மட்டும் திருத்தினான்.

ஆக, சின்னப்பிள்ளை உயிரோடு வந்தாள். காலும் வந்தது. தினமும் நடந்தாள். ஒன்பதாம் நம்பர் முன்பு ஒருபோதும் இல்லாதபடி விற்றது. மேடம் கொழும்பிலிருந்து ஆள் கொண்டுவந்து, ஏலச் செடிகளுக்கு நடுவே சிவநந்தினியை நிறுத்தி, தலையில் பூ வைத்து, வீடியோ எடுத்தாள். நீ நன்றாகப் பேசுகிறாய், உன் உச்சரிப்பு எவ்வளவு மாறிவிட்டது என்று தோளில் கை போட்டுச் சொன்னாள். அது மெய்தான். வோக்கெட் என்று சொன்ன வாய் இப்போது கியூர்ட் என்று அழகாக முடித்தது.

வீடியோ தனுஜனின் போனுக்கும் போய்ச் சேர்ந்தது. கடையில் யாரோ, உங்கள் அக்காவாமே என்று காட்டியிருக்கிறார்கள். அவன் அழைத்தபோது அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எனக்கு இங்கிலீசு அவ்வளவா வராது," என்றான். "அதான் கேக்கிறேன். அம்மா தினமும் நடக்குதுன்னு சொல்றியா நீ?"

அவள் வடித்துக்கொண்டிருந்த பானையைப் பாதியிலேயே நிமிர்த்தி வைத்தாள்.

"அம்மாவ நான் தூக்கினேன். எந்தப் பக்கம் பாரமா இருந்துச்சு, எந்தப் பக்கம் லேசா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்."

"மேடம்தான் தம்பி அப்படிச் சொல்லச் சொன்னாங்க."

"அன்னிக்கு ஒனக்குத் தெரியாதுன்னு விட்டேன். இப்பவும் தெரியாமத்தான் சொல்றியா?"

"வேலடா. வேற என்னா செய்ய?"

போனை அவன் வைத்துவிட்டான். சோறு குழைந்துபோயிருந்தது. அப்படியே மூடி வைத்துவிட்டு அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகும் அவள் வேலைக்குப் போனாள், அந்தக் கதையையும் சொன்னாள். ஆனால் சொல்லும்போது வந்தவர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை, போத்தலைப் பார்த்தே பேசினாள்.

பெரஹரா திருவிழாக் காலம் கழிந்து, கூட்டம் குறைந்திருந்த ஒரு காலைப்பொழுதில் ஒரு வேன் வந்தது. ஹொலந்து நாட்டு வயதான கணவனும் மனைவியும். அவர் நெடிய மனிதர். ஒரு காலில் செருப்பு, மற்றதில் கட்டுப் போட்டு அதன்மேல் தடித்த காலுறை. செடிகளைப் பார்க்க நடக்கவில்லை, நேரே கொட்டிலில் உட்கார்ந்தார். தனக்குச் சீனி வருத்தம், பாதத்தில் புண் மாதக்கணக்காக ஆறவில்லை, மாத்திரை தின்று அலுத்துவிட்டது என்று சொன்னார். வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் டிரைவரிடம் இங்கே விடச் சொன்னாராம். ஒன்பதாம் நம்பர் போத்தலைத் தானே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உன் அம்மாவுக்கு எத்தனை நாளில் ஆறியது? டொக்டர் தந்த மருந்தை அம்மா நிறுத்திவிட்டாரா, சேர்த்தே போட்டாரா? பேப்பரும் பேனையுமாக மனைவி குறித்துக்கொள்ளக் காத்திருந்தாள்.

சிவநந்தினி அவருடைய பாதத்தைப் பார்த்தாள். கட்டின் ஓரத்தில் ஈரம் மஞ்சளாகப் பரவியிருந்தது. அந்த வாடையும் இலேசாக வந்தது. அவளுக்குத் தெரிந்த வாடை.

"சேர், டோண்ட் யூஸ்," என்றாள்.

அவர் விளங்காமல் நிமிர்ந்தார்.

"மை மதர் யூஸ்ட். இட் டிட் நொட் கியூர்ட். தே ரிமூவ்ட் த லெக். ஷி டைட்."

டிட் வந்தால் பின்னால் வரும் சொல் பழையபடி வெறும் கியூர் ஆகிவிட வேண்டும் என்று அக்ரம் பலமுறை சொல்லியிருந்தான். அந்த நேரம் அவளுக்கு அது ஞாபகம் வரவில்லை. வந்தவர்களுக்கும் விளங்காமல் போகவில்லை.

கிழவர் போத்தலை எடுத்து மேசைமேல் அது இருந்த இடத்திலேயே வைத்தார். வீடியோவில் அப்படிச் சொன்னாயே என்று கேட்கவில்லை. அவர் மனைவி எழுந்து வந்து சிவநந்தினியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, அப்படியானால் ஏன் இங்கே வேலை செய்கிறாய் என்று மெதுவாகக் கேட்டாள். சிவநந்தினி கைகளை விடுவித்துக்கொண்டு, போத்தல்களின் நம்பர்களை முன்பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

அவர்கள் மிளகு ஒரு சின்னப் பொட்டலம் மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். கொமிஷனுக்காக வாசலில் காத்திருந்த டிரைவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வேனில் ஏறும் முன்பே போனை எடுத்தார்.

மத்தியானம் மேடம் ஒபிசுக்குக் கூப்பிட்டாள். சத்தம் போடவில்லை. உட்காரச் சொன்னாள்.

"உன் அம்மா அப்படி இறந்தது எனக்குத் தெரியாது. எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆனால் நீ அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?"

"நான் பாதிதான் எழுதினேன் மேடம். மீதிய நீங்கதான் எழுதினீங்க," என்று சிவநந்தினி சிங்களத்தில் சொன்னாள்.

"நான் எழுதியபோது நீயும் கை தட்டினாய்."

சிவநந்தினி குனிந்துகொண்டாள்.

"இந்த இரண்டு வருஷமாக எத்தனை பேருக்கு அதைச் சொன்னாய்? ஒருவரிடமாவது மறுத்தாயா? பொய் சொல்லச் சொன்னேன் என்று இப்போது என்மேல் போடுகிறாயே."

மேடம் பேசியதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அவளை அதிகமாக அறுத்தது. வீடியோவை மட்டுமாவது எடுத்துவிடுங்கள் என்று கேட்டாள். அது கார்டனுடைய வீடியோ, நிறையப் பேர் பார்த்துவிட்டார்கள், எடுக்க முடியாது என்றாள் மேடம். வேலையை விட்டு நிறுத்தவில்லை. நாளையிலிருந்து பின்கட்டில் போத்தல் நிரப்பச் சொன்னாள்.

பின்கட்டில் பெரிய பீப்பாயிலிருந்து புனல் வைத்து எண்ணெய் நிரப்ப வேண்டும், மூடி முறுக்க வேண்டும், நம்பர் ஒட்ட வேண்டும். எந்த நம்பர் என்று காலையில் வந்து சொல்வார்கள். பெரும்பாலும் ஒன்பதுதான். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கொட்டில். அங்கே இப்போது துஷாரா நின்றாள். சுவரில் காது வைக்கத் தேவையில்லை, எல்லாம் கேட்கும். "மை ஆன்ட்டி ஸ்டெப்ட் ஒன் எ பொட்டில்..." பிசிறில்லாத இங்கிலீசு.

ஒருநாள் தேநீர் நேரத்தில் சிவநந்தினி அவளைப் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மாவையே சொல்றியே, ஒனக்கு வேற கதையே இல்லையா?"

"மேடம் இதத்தான் சொல்லச் சொன்னாங்க அக்கா. இது நல்லாப் போகுதாம். அம்மான்னு சொல்லல, ஆன்ட்டின்னுதான் மாத்திட்டேன்."

"எங்கம்மா செத்தப்ப நீ வந்தியே துஷாரா."

"வந்தேன்தான். நீங்க சொன்னப்ப நான் ஒண்ணும் சொல்லலயே அக்கா," என்றாள் துஷாரா. கண் கலங்கியிருந்தது. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு முன்பக்கம் போனாள், வேன் வந்திருந்தது.

திவசம் நெருங்கியபோது சிவநந்தினி தம்பிக்கு அழைத்தாள். அவன் எடுத்தான். "நான் இங்க கோயில்லயே குடுத்துடுறேன்," என்றான். "நீ ஒன் கார்டன்ல கும்புட்டுக்க. அங்கதான அம்மா நடக்குது." அன்றோடு அவள் கார்டனுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். மேடம் ஒரு தரம் ஆள் அனுப்பிக் கேட்டாள், பிறகு கேட்கவில்லை.

மாத்தளை பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் அக்ரமைக் கண்டாள். அவனுக்கு விஷயம் தெரிந்திருந்தது. முகம் வெளுத்துப் போய், "எனக்கு அந்த நேரம் தெரியாது அக்கா. தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டன்," என்றான்.

"அம்மா இல்லன்னு தெரியும்தானே?"

அவன் ஹெல்மெட்டைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தான். "வாப்பாக்கு ஒபரேஷன் செய்ய இரிக்கி. நான் இன்னும் கார்டனுக்குப் போய்த்தான் வாறன்," என்றான். பிறகு, "டவுன் வகுப்புக்கு வாங்க அக்கா. காசு வேணாம். இன்னும் எவ்வளவோ படிக்க இரிக்கி," என்றான்.

"படிச்சது போதும் தம்பி," என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள்.

இப்போது நாவுலவில் நுஹ்மான் என்பவருடைய மரக்கறி மொத்தக் கடையில் வேலை. போஞ்சியையும் கத்தரிக்காயையும் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். அங்கே இங்கிலீசு தேவையில்லை. முன்பு என்ன வேலை செய்தாய் என்று நுஹ்மான் கேட்டதற்கு, மிளகு பொதி செய்தேன் என்று சொல்லியிருக்கிறாள். தனுஜன் பேசுவதில்லை. தீபாவளிக்கு ஒரு சீலையை யாரிடமோ கொடுத்தனுப்பினான். அதில் அவன் பெயர்கூட இல்லை.

போன மாதம் காலையில் வேலைக்குப் போகும்போது பஸ் நாலந்தாவில் பழுதாகி நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கி வீதியோரத்தில் அடுத்த பஸ்சுக்கு நின்றார்கள். பழைய கல்கோயிலைப் பார்த்துவிட்டு வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முகம் மலர்ந்து ஓடிவந்தாள். நீதானே அந்த எண்ணெய்க் கார்டன் பெண், நான் போன வருஷம் வந்தேன், நீ சொன்ன கதையை என் வீட்டில் எல்லாருக்கும் சொன்னேன் என்றாள். சிவநந்தினியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஹவ் இஸ் யோ மதர்?"

சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்ல வேண்டிய சொல் அவளுக்குத் தெரியும், அதை எப்படி முடிக்க வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் பின்னால் எவ்வளவோ சொல்ல வேண்டியிருக்கும். வளைவில் பஸ் வருவது தெரிந்தது.

"ஃபைன்," என்றாள். "ஷி இஸ் ஃபைன்."

அந்தப் பெண்ணுக்குச் சந்தோஷம். நான் விசாரித்ததாக அம்மாவிடம் சொல் என்றாள். சிவநந்தினி தலையை ஆட்டினாள். பஸ்சில் உட்கார இடம் இல்லை. நாவுல வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.